வெயில் புகாத சுடிதார்

பிப்ரவரி 5, 2003, புதன்
காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். அடுத்த சனி என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிர்தி உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா. கூடப் போக முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடும்படி ஹெச்.எம். கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போன வருடம் விளையாட்டு விழாவில் அரை நாள் வெயிலில் நின்றதற்கே முகமெல்லாம் தடிப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. லூபஸ் என்றார்கள், வெயில் ஆகாத நோய். அதிலிருந்து குடை, முழுக்கை. அப்படியும் துணியைத் தாண்டித் தோல் எரிகிறது.

இரவு இவரிடம் சொன்னேன். இவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் உள்துணிக்குச் சாயம் போடும் பிரிவில் வேலை. மெல்லிய பருத்தியில் புற ஊதாக் கதிர் சுலபமாகப் புகுந்துவிடுமாம். தடுக்கிற மருந்து சாம்பிளாக வந்திருக்கிறதாம். மேனேஜரிடம் கேட்கிறாராம்.

பிப். 9, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வந்ததும் சமையலறை இவர் வசம். வெந்நீர், உப்பு, சலவைச் சோடா, மேனேஜர் தந்த மருந்து. அதில் என் வெள்ளைச் சுடிதாரும் துப்பட்டாவும். சாயம் போடுவது போலத்தான், நிறம் மட்டும் ஏறவில்லை. சாப்பாடு லேட். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தேன். பழைய துணியேதான்.

“இதுலயா வெயில் நிக்கும்?”

“வா, மாடில காட்டுறேன்.”

கம்பெனியிலிருந்து ப்ளூபிரிண்ட் தாள் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் தாள், வெயில் பட்டால் வெளுக்கும். ஒன்றின் மேல் சாதாரணத் துணி, இன்னொன்றின் மேல் இது. முதல் தாள் வெளுத்தே போயிற்று. இரண்டாவது மஞ்சளாகவே இருந்தது.

பிப். 12, புதன்
துப்பட்டாவைத் துவைத்து மறுபடி சோதித்தோம். மருந்து போகவில்லை. அதன் ஓரத்தை இரவெல்லாம் கையில் சுற்றியிருந்தேன், அரிப்பில்லை. டாக்டரிடம் கேட்டேன். குடையையும் க்ரீமையும் விடாமல் போய் வரலாம் என்றார். ஹெச்.எம்.மிடம் வருகிறேன் என்றேன்.

பிப். 15, சனி
அமிர்தி. மருந்து போட்ட சுடிதார், துப்பட்டா, குடை, க்ரீம். மான், மயில், முதலை. பஸ்ஸில் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அருவியில் தண்ணீர் கம்மி, பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஷாஹினா கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். “மிஸ், நீங்க வரமாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க.” நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிப். 16, ஞாயிறு
உடம்பு வலி மட்டும். காய்ச்சலில்லை. ஆனாலும் பயம். போன முறை இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

பிப். 17, திங்கள்
எழுந்ததும் கண்ணாடி. முகம் சுத்தம். கை, தோள், கழுத்து, எங்கும் ஒன்றுமில்லை. பாதத்தில் மட்டும், செருப்பு வாருக்கு நடுவே, துணி மூடாத இடத்தில் சிவப்பு. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கீழே உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் துணி மூடியிருந்த கையைப் பார்த்தார், ஒரு தடிப்பில்லை. கண் கலங்கிவிட்டது.

“இன்னாங்க, நல்லாத்தான இருக்கேன்?”

“நல்லாத்தான் இருக்க.”

க்ரீம் தடவியாயிற்று. முதல் பீரியட் எனக்கு. பஸ் வந்துவிடும்.