நீ மாற்றி எழுதிய எண்

வடசேரியில் ஓர் உரக்கடையில் வேப்பம்பிண்ணாக்கு வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் வேறு யாருக்கோ ஒரு சாக்கை அவிழ்த்து, நீலநிறக் கட்டிகளைத் தராசுத் தட்டில் கொட்டினார். ரப்பர் மரத்துக்கு மருந்தடிக்கிற துருசு, மயில்துத்தம். என்னை அறியாமலே ஒரு கட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். "அம்மா, பாத்து, விஷமாக்கும்" என்றார் அவர். தெரியும் என்று சொல்லிக் கீழே வைத்தேன். விரலில் ஒட்டிய நீலத்தோடு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ இறந்துபோன செய்தி எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது உன் அக்கா மகன் என்னை அடையாளம் கண்டு சொன்னான். கடைசிவரை நீ என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குப் பயம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நான் பெண்கள் வார்டு நர்ஸ். வார்டின் ஒரு கோடியில், என் மேசைக்கு எதிரே ஆறு கட்டில்கள். உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மட்டும் அவை. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிறார்களே, அதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் அந்த ஆறு கட்டிலும் என் இரண்டு கண்களும்தான். நீ குழித்துறையிலிருந்து ஆய்வுக்கூட வேலைக்கு வந்து சேர்ந்தாய். உன் பேச்சில் பாதி மலையாளம் என்று நாங்கள் சிரிப்போம். "உங்க பேச்சுல பாதி உப்பில்ல" என்று நீ திருப்பிச் சொல்வாய்.

பெரிய டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியபோது அந்தப் புது சோதனையைக் கொண்டுவந்தார். துருசைக் கரைத்து, உன் மேசையில் பத்துக் குப்பிகள் வரிசையாக வைத்தாய். முதல் குப்பியில் இலேசான கரைசல். போகப்போக அடர்த்தி கூடி, பத்தாவதில் மிகக் கனத்தது. நோயாளியின் இரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரில் ஒரு துளியை ஒவ்வொன்றிலும் விடுவாய். எந்தக் குப்பியில் துளி மூழ்காமலும் மிதக்காமலும் நடுவில் நிற்கிறதோ அதுதான் எண். இரத்தத்தில் புரதம் நிறைய இருந்தால் துளி கனக்கும், எண் கூடும். மரச்சீனிக் கிழங்கை மட்டுமே தின்று, காலும் முகமும் வீங்கி வருகிறவர்களுக்கு இரண்டோ மூன்றோதான் வரும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி நீ டாக்டரிடம் கொடுப்பாய். அவர் வார்டுக்கு வந்து எங்களிடம் சொல்வார். எண் குறைந்தவர்கள் தேறுவது அபூர்வம் என்று அவர் எங்களுக்குச் சொன்னார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. இரண்டு என்று சீட்டு வந்த கட்டில், அந்த வாரமே காலியாகும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஊசியும் குழாயுமாக நீ வார்டுக்குள் வரும்போதே நோயாளிகளின் உறவினர்கள் உன் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சீட்டை என்னிடம் தராமல் நேரே டாக்டர் அறைக்குக் கொண்டுபோவதும் உறுத்தியது. பத்து வருடம் நோயாளிகளோடு கிடந்த எனக்குத் தெரியாதது, வந்து ஒரு வருடமாகாத உனக்கு ஒரு துளியில் தெரிந்துவிடுமா? டாக்டருக்கு இந்த எண்கள் எதற்கு, வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை எழுதவா? இப்படியெல்லாம் யோசித்தேன். உன்னோடு சாப்பிட உட்கார்ந்தாலும் இதே யோசனைதான்.

பிறகு ஒருநாள் வேறொன்றைக் கண்டேன். நெசவாளி வீட்டுப் பெண் ஒருத்திக்குச் சீட்டு இரண்டு என்று வந்திருந்தது. காலையில் கொடுத்த பால் மத்தியானம்வரை அவள் தலைமாட்டில் ஆடை கட்டி நின்றது. அவளால் தானே எடுத்துக் குடிக்க முடியாது. ஊட்டுவது என் வேலை. நான் மற்ற ஐந்து பேருக்கும் ஊட்டிவிட்டு அவளை மறந்திருந்தேன். மறந்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரும் அன்று அவள் கட்டிலருகே நிற்கவில்லை. சாயங்காலம் யாரும் சொல்லாமலே ஆயா, சாகப்போகிறவர்களை மறைக்கிற பச்சைத் துணித் தட்டியைக் கொண்டுவந்து அவளைச் சுற்றி வைத்தாள். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். உன் எண் பலித்தது.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரையிலிருந்து ரோசம்மாள் வந்தாள். முப்பது வயது, மூன்று பிள்ளைகள். குடலில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழ். டாக்டர் சீழை வடித்து அப்போதைக்கு உயிரைப் பிடித்தார். குடலைத் தைத்து மூட இன்னொரு அறுவை பாக்கி இருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு நாள் சொல்வதாகச் சொன்னார். அவள் புருஷன் கடலுக்குப் போகாமல் வராந்தாவிலேயே கிடந்தான். "எனக்க பெண்டாட்டிக்கு அந்தத் தட்டிய மட்டும் வச்சிராதிய, அம்மா" என்று என்னிடம் சொன்னான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நீ அவளிடம் இரத்தம் எடுத்துக்கொண்டு போனாய். நான் உன் பின்னாலேயே வந்து ஆய்வுக்கூடத்து ஜன்னலருகே நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், உன்னை வேவு பார்க்கத்தான் வந்தேன். துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூன்றாம் குப்பியில் மிதந்தது. இரண்டாவதில் தயங்கி நடுவில் நின்றது. நீ வெகுநேரம் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சீட்டை எடுத்து எழுதினாய். நான் வார்டுக்குத் திரும்பிவிட்டேன். பதினொரு மணிக்கு டாக்டர் சிரித்த முகத்தோடு வந்து, ரோசம்மாளுக்கு எண் ஏழு, வியாழக்கிழமை காலையில் அறுவை என்றார்.

மத்தியானம் நான் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பொய் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொல்லவில்லை.

"ஆமாட்டி, ரெண்டுதான் வந்துது. ஏழுன்னு நான்தான் எழுதினேன்" என்றாய்.

ஏன் என்றேன். நீ ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாய். டாக்டர் ஒரு மாதம் ஊரில் இல்லாதபோதும் நீ எல்லோருக்கும் சோதனை செய்து எழுதி வைத்திருந்தாய். கேட்க ஆளில்லாததால் சீட்டு எங்கேயும் போகவில்லை. அந்த மாதம் இரண்டும் மூன்றும் வந்தவர்களில் பலர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"சீட்டு போன பொறவுதான் ஆளு சாவுது. எனக்க எண்ணு ஆளக் கொல்லுதா, இல்ல எண்ணப் பாத்துட்டு நீங்க கைய விடுதியளா? எனக்கு அது தெரியணும். அந்த நெசவுக்காரப் புள்ளைக்கிப் பாலு யாரு குடுத்தா, சொல்லு பாப்போம்."

உன்னைச் சந்தேகப்பட வந்தவள் நான். நீ அதற்கு முன்பே என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். அதைவிட, நீ சரியாகச் சந்தேகப்பட்டிருக்கிறாய்.

அதை ஒப்புக்கொள்ளாமல் நான் உன் தப்பைப் பிடித்தேன். புரதம் அவ்வளவு குறைந்த உடம்பில் தையல் பிடிக்காது, டாக்டர் ஏழு என்று நம்பி வியாழக்கிழமை வயிற்றைத் திறந்தால் அவள் மேசையிலேயே போய்விடுவாள் என்றேன். உனக்கு வியாழக்கிழமை விஷயம் தெரியாது. எண் நன்றாக இருந்தால் கவனிப்புக் கூடும் என்று மட்டும்தான் நினைத்திருந்தாய். நோட்டை மூடிவிட்டு, "ஒரு நாள் பொறுட்டி மக்கா. நாளைக் காலைல நானே போயி எல்லாத்தயும் பறஞ்சிருதேன்" என்றாய்.

அறுவைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. பொறுத்திருக்கலாம். நீ போகமாட்டாய், மறைத்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்போதே டாக்டர் அறைக்குப் போனேன்.

அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ரோசம்மாளின் எண் ஏழு இல்லை, இரண்டு. நான் கண்ணால் பார்த்தேன். சீட்டில் மாற்றி எழுதிவிட்டாள் என்றேன். ஏன் மாற்றினாள் என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என் வார்டைப் பற்றி, ஆடை கட்டிய பாலைப் பற்றி வரும்.

அவர் எழுந்து வந்து ரோசம்மாளின் பாதத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. அறுவையைத் தள்ளிவைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கே நீ அவர் அறை வாசலில் போய் நின்றாய் என்று பியூன் பிறகு சொன்னார். நீ சொன்ன சொல்படி போயிருக்கிறாய். ஆனால் அதற்குள் அவர் கண்ணில் நீ பிடிபட்டவள். பிடிபட்டவள் எடுத்து நீட்டும் நோட்டை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அந்த வாரமே உன்னை அனுப்பிவிட்டார்கள். நீ பெட்டியோடு வார்டு வழியாகப் போனபோது நான் படுக்கை விரிப்புகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ரோசம்மாள் பிழைத்தாள். அவளை என் மேசைக்கு மிகப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினேன். முட்டை, பால், அவள் புருஷன் கொண்டுவந்த மீன், எது இறங்குமோ அதை இரண்டு மணிக்கொரு தரம் நானே ஊட்டினேன். ஆஸ்பத்திரி இருப்பில் மிச்சமிருந்த பிளாஸ்மா என்கிற இரத்தநீர்க் குப்பிகளை டாக்டர் அவளுக்கே ஏற்றினார். உன் இடத்துக்கு வந்தவர் வாரம் ஒருமுறை சோதித்தார். ஒன்றரை மாதத்தில் துளி ஆறாம் குப்பியில் நின்றது. அதன் பிறகு தைத்தார்கள், தையல் பிடித்தது. உன் எண் பொய் இல்லை. அதைக் கேட்டு நாங்கள் கைவிட்டதுதான் தப்பு.

சில மாதம் கழித்து அவள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். எனக்கென்று நினைத்துக் கை நீட்டினேன். "ரத்தம் எடுக்க வருவாவளே, அந்த அக்கா எங்க? வலிக்காம குத்துவாவ" என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்கு அனுப்பவில்லை. நம் ஜில்லா மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்ப் பக்கம் சேர்ந்த வருடம் நீ திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். விலாசம் கிடைத்தது. எழுதவில்லை.

போன வருடம் என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். கம்ப்யூட்டர் தாளோடு ஓர் இளம் டாக்டர் வந்து, இரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் மிகவும் குறைவு, இந்த அளவுக்குக் கீழே போனவர்கள் தேறுவது கஷ்டம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். நான் அவனிடம், "இந்த எண் நேத்து சாயங்காலம் வந்திருக்கு தம்பி. அதுக்குப் பொறவு நீங்க அவரு கட்டிலுக்கு எத்தன தடவ வந்திய?" என்று கேட்டேன்.

அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான். பிறகு, நீங்கள் நர்ஸாக இருந்தீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கேள்வி என்னுடையது அல்ல, என்னோடு வேலை பார்த்த ஒருத்தியுடையது, அதைக் கேட்டதற்காக அவள் வேலை போயிற்று, போகவைத்தது நான் என்றேன். நோட்டையும் பாலையும் பற்றி முழுதாகச் சொன்னேன். அவன் நின்று கேட்டான். அன்று மூன்று தடவை வந்தான்.

என் வீட்டுக்காரர் வீடு திரும்பிவிட்டார். கவனிப்பால் திரும்பினாரா, எப்படியும் திரும்பியிருப்பாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். எண்ணை நம்புவதா வேண்டாமா என்றும் சந்தேகம்தான். ஆனால் யாருக்காவது இனி நம்பிக்கையில்லை என்று ஒருவர் சொன்னால், நான் நோயாளியைப் பார்ப்பதில்லை. சொன்னவர் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்க்கிறேன். இது உன் சந்தேகம். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லாமல் இத்தனை வருடம் வைத்திருந்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்து டாக்டர் அறை. அங்கே நான் தெரியாது என்றேன்.