மந்திரியா சுண்டுவா, எந்தக் கிடா நிற்பது

4-9-89 திங்கள்
வெயில். வெட்கக்கேடு ஒன்று. வீட்டுக்காரிக்கு ரவிக்கை அளக்க என்று பொய் சொல்லி, தையல்காரம்மாவிடம் டேப்பு வாங்கி வந்து கிடாக்களின் நெஞ்சை அளந்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.
"என்னைய ஒருநாளாச்சும் அளந்திருக்கியளா?"
"ஒன்னைய எடைக்கா போடப் போறேன்?"
காலைச் சோறு இல்லை.
மந்திரி பெரிய கிடா. சுண்டு ஒரு சாண் குறைவு. மந்தை எனக்கும் மச்சானுக்கும், அதாவது வீட்டுக்காரியின் அண்ணனுக்கும், பாதிப் பாதி. பொலிக்கு, பெட்டைகளைச் சினையாக்க, ஒரு கிடாதான் நிற்கும். மற்றதைக் காயடித்துக் கொழுக்கவைத்துக் கறிக்கு.

6-9 புதன்
மந்திரிக்குச் சினையான இன்னொரு பெட்டையும் போயிற்று. குட்டி தலை பெரிது, வெளியே வரவில்லை. விடியும்வரை கத்தியது. மச்சானுக்கு ஆசைப் பெட்டை. கண்ணைத் துடைத்தார்.
"அழுவாதிய மச்சான். தோலு ஒங்களுக்கு."
எழுந்து போய்விட்டார்.

7-9 வியாழன்
யோசனை. வருசா வருசம் பெருத்த கிடாவையே நிறுத்தினோம், எடை ஏறியது. எடையும் நிறமும் சண்டை போடவில்லை, மந்திரிக்கு இரண்டும் உண்டு. எடையும் நடையும் சண்டை. மந்திரி குட்டிகள் பரளச்சிக் காடு தாண்டுமுன் கருவை நிழலில் படுத்துவிடும். எடையும் ஈத்தும், அதாவது குட்டி போடுவதும், சேர்ந்தால் கொலை.
நடையைக் கிடாவிலேயே பார்த்துவிடலாம். ஈத்தை எங்கே பார்ப்பது? கிடா குட்டி போடாது. பெட்டை செத்துத்தான் சொல்கிறது.
வேலி தாண்டி சுண்டுவிடம் போன பெட்டைகள் சுளுவாக ஈன்றன. குட்டி பொடிசு, ஆனால் ஓடுகிறது.
உப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

10-9 ஞாயிறு
டீக்கடையில் பேச்சு. மச்சான் மந்திரியை விடமாட்டேன் என்கிறார்.
"ரெண்டையும் கலந்து விடுவோம் மாப்ள. ரெண்டுலயும் நல்லது வரும்."
"நல்லதுதான் வரும்னு ஆரு சொன்னா? ஒங்க மூத்தவனப் பாருங்க. ஒங்க சோம்பலும் ஒங்க வீட்டு அக்கா வாயும்ல சேந்து வந்திருக்கு."
டீக்கடையே சிரித்தது. மச்சான் டீயைப் பாதியில் வைத்தார்.
"இன்னும் ஒரு பெட்டை செத்தா மந்தைல என்ன மிஞ்சும் மச்சான்?"
"சரி, சுண்டுவே நிக்கட்டும்" என்றார்.
எனக்குக் கொண்டாட்டம். சின்ன மகளின் சிவப்பு ரிப்பனை எடுத்து சுண்டு கழுத்தில் கட்டினேன். ராசா மாதிரி இருந்தது.

12-9 செவ்வாய்
மேகம், மழை இல்லை. மந்திரிக்காகச் சொல்லியனுப்பிய காயடிக்கிறவர் பந்தல்குடியிலிருந்து இடுக்கியோடு வந்து போயிருக்கிறார். நான் திருச்சுழி பஸ்ஸில். மச்சான் தூக்கம். திரும்பும்போது ரோட்டில் அவரைப் பார்த்தேன்.
"முடிச்சாச்சுண்ணே. கேக்க ஆளில்ல. அடையாளம் கட்டியிருந்திய, சின்னதாவும் இருந்துச்சு, அதான்னு அடிச்சிட்டேன்."
மச்சான் கேட்டது ஒன்றே ஒன்று. "ரிப்பன் கட்டுனது ஆரு மாப்ள?"
"நாந்தான்."
மந்திரி நன்றாக இருக்கிறது. சுண்டுவுக்குத் தவிடு வைத்தேன். ரிப்பனையும் சேர்த்துத் தின்றுவிட்டது. சின்னவளுக்கு வேறு வாங்க வேண்டும்.