தாமரையின் குதிகால்

7 ஜூலை, திங்கள்

கிள்ளானில் மறுபடியும் மழை. பள்ளிக் கூடைப்பந்து ஆடுகளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பிப்ரவரியில் தாமரை வழுக்கிக் கணுக்கால் பிசகியதும் இந்தச் சிமெண்டுத் தரையில்தான். பதினாலு வயது. நான் பயிற்சி தரும் அணியில் மாநில அணித் தேர்வுக்குப் போகக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

வீக்கம் வற்றிவிட்டது, விறைப்பு போகவில்லை. அதை அளக்க, குதிகால் தரையில் பதிந்திருக்க, முழங்காலை மடக்கி அதால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளி எவ்வளவு? நல்ல காலில் பத்து சென்டிமீட்டர். மற்றதில் நாலு. இப்படியே குதித்து இறங்கினால் அடுத்து முட்டி போகும்.

கோலாலம்பூரில் பங்சார் பக்கத்துப் பணக்காரத் தனியார் பள்ளிக்கு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். எங்களுக்கு ஸ்கேல் இருக்கிறது.

9 ஜூலை

எல்லார் அளவையும் வரிசைப்படுத்தி சாமான் அறைச் சுவரில் ஒட்டினேன். போட்டி இருந்தால் வீட்டிலும் பயிற்சி செய்வார்கள்.

16 ஜூலை

தாமரை ஒன்பது! அவர்களே அளந்து எழுதுகிறார்கள். விளையாட்டு ஆசிரியர் பழனியப்பனிடம் பெருமையாகச் சொல்லி, 26ஆம் தேதித் தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுத்தேன்.

21 ஜூலை

ஒன்பதாம். மண்ணாங்கட்டி.

இன்று அவள் குதிகாலுக்கடியில் தாள் வைத்து, முழங்கால் சுவரில் பட்டதும் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. குதிகாலைத் தூக்கித்தான் இத்தனை நாளும் அளந்திருக்கிறாள். பதித்து அளந்தால் நாலரை.

"எல்லாரும் அப்படித்தான் கோச் செய்யுறோம். நீங்கதான வரிசையா பேர ஒட்டுனீங்க."

யாரைத் திட்டுவது? என்னைத்தானே.

22 ஜூலை

தேர்விலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னேன். பழனியப்பன் சார் சிரித்தார். "கால்ல டேப் சுத்தி அனுப்பு லா. பத்து வருஷத்துல ஒரு புள்ள போகுது, நீ ஏம்மா கெடுக்குற?"

பத்து வருஷமா தரைய சரி பண்ணாதவங்க பேசுற பேச்சு. எனக்கும் பதினாறு வயதில் டேப் சுற்றித்தான் அனுப்பினார்கள். இருபத்து மூன்றில், ரயில் நிலையப் படியில் கம்பியைப் பிடித்து இறங்குகிறேன்.

கடைசியில் எடுத்தார். என்னோடு பேசுவதையும் நிறுத்தினார்.

26 ஜூலை, சனி

தேர்வு நாள். தாமரைக்குப் போன் அடித்தேன், அவள் அம்மா எடுத்தார். "அழுதுக்கிட்டு கெடக்குறா. அடுத்த வருஷம் கூப்புடுவாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது.

28 ஜூலை

சுவரில் ஒட்டிய பட்டியலைக் கிழித்தேன். தாமரை வரவில்லை.

6 ஆகஸ்ட்

வரவில்லை.

10 செப்டம்பர்

மழை. பந்துகளை எடுக்கப் போனால், சாமான் அறைச் சுவரோரம் தாமரை. ஆறு வாரம் கழித்து. வெறுங்கால். கணக்குப் புத்தகத்தில் கிழித்த தாளை அவளே குதிகாலுக்கடியில் வைத்தாள்.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்காதீங்க கோச். இழுங்க."

இழுத்தேன். பாதி கிழிந்து வந்தது. மீதி அவள் காலடியிலேயே.

"எத்தன?"

"ஏழு."

"நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் ஏமாத்துறேன்னு சொல்லாதீங்க."

சுவரில் எழுதவில்லை. இங்கே மட்டும்: தாமரை, ஏழு.