அறுபதாவது நாள்

நவம்பர் 20

கர்ட்டின் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்தேன். விவாகரத்தாகி நான்கு வருடம், இன்னும் முகவரி மாற்றவில்லை அவன். ஹேசலின் கல்லூரிப் படிப்புக்கென்று அவள் பிறந்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கு. பதினான்காம் தேதி மொத்தத்தையும் எடுத்திருக்கிறான். அறுபத்தோராயிரம் டாலர். கணக்கு அவன் பெயரில் இருக்கிறது, எடுக்க முடியும். பெற்ற மகள் பணம்டா அது.

நவம்பர் 27

நன்றியறிதல் நாள். ஹேசலை அழைத்துப்போக வந்தான். அவள் மாடியில் இருக்கும்போது வாசலில் பீற்றிக்கொண்டான்.

"இருபத்தாறு அடி மோட்டார் போட்டு வாங்குறேன், கிளெண்டா. வசந்தம் வந்ததும் ஏரியில எறக்குறேன்."

"ஹேசல் பணத்துலயா?"

"அவ காலேஜ் சேர்றதுக்குள்ள திருப்பிப் போட்டுருவேன். என் காசுதானே."

"வரி?"

"வரி கட்டின சம்பளத்துல சேர்த்தது. அதுக்கு மறுபடி எவன் வரி கேப்பான்?"

சிரித்தேன். நான் சுட்ட பூசணிக்காய் இனிப்பில் ஒரு துண்டு பொதிந்து கொடுத்தேன்.

பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு வரிக் கணக்கு போடுகிறவள் நான். அவன் போட்ட முதலுக்கு வரி இல்லை, சரி. ஆனால் அது ஈன்ற லாபம் இருபத்தாறாயிரம். படிப்புக்குச் செலவழித்தால் அதற்கும் இல்லை. படகுக்குச் செலவழித்தால் முழு வருமான வரி, அதன்மேல் பத்து சதவீத அபராதம். தப்பிக்க ஒரே வழி: எடுத்த அறுபது நாளுக்குள் ஹேசலுக்கு வேறொரு கல்விக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 9

இருபத்தைந்து நாள். சொல்லவில்லை.

டிசம்பர் 19

ஹேசலுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டிக்கொண்டு, "அப்பா போட்ட கணக்கு இருக்குல்லம்மா, ரெண்டு வருஷத்துக்கு அதுவே போதும்" என்றாள். கர்ட்டிடம் சொல்லிவிட போனை எடுத்தேன். விவாகரத்தின்போது நீதிபதி முன்னால், "இவளுக்குக் கணக்கு வழக்கே தெரியாது சார்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. வைத்துவிட்டேன். அவன் துடிக்க வேண்டும். அது தப்பா?

ஜனவரி 13

அறுபது. பெர்ச் மீன் பொரித்து, ஒயின் ஊற்றி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மார்ச் 8

பணம் எடுத்ததற்கு வந்த வரிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு கர்ட் வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஹேசலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம். அவளும் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். வரியும் அபராதமும் எட்டாயிரத்துக்கு மேல் வரும் என்றேன், ஒவ்வொரு எழுத்தையும் ருசித்து.

"ஏதாவது வழி இருக்கா?"

"இருந்துச்சு. ஜனவரி பதிமூணு வரைக்கும். மறுபடி போட்டிருந்தா ஒரு பைசா வரி கிடையாது."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கிறிஸ்மஸ் வரைக்கும் போட்டுக்கு அட்வான்ஸ்தான் குடுத்திருந்தேன். மிச்சம் பேங்க்லதான் கெடந்துச்சு, கிளெண்டா."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஹேசல் படிவத்தைப் புரட்டினாள். "இதுல தேதியே இல்லையேம்மா. அப்பா எடுத்த நாள் உனக்கு எப்படித் தெரியும்?"

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"...நவம்பர்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு மாடிக்குப் போனாள்.

ஏப்ரல் 14

படகை நஷ்டத்துக்கு விற்று வரியைக் கட்டினானாம். மிச்சம் ஒரு வருடப் படிப்புக்குக்கூடக் காணாது. ஹேசல் கல்விக் கடன் வாங்குகிறாள். ஜாமீன் கையெழுத்துக்கு கர்ட்டைக் கேட்டிருக்கிறாள். கோடையில் வேலை பார்த்த ஐஸ்கிரீம் கடைச் சம்பளத்துக்கான வரிப் படிவத்தையும் நூலகத்தில் யாரிடமோ கேட்டுத் தானே நிரப்பி அனுப்பிவிட்டாள்.