மஞ்சள் பந்தலுக்குக் கீழே எடுத்த படம்

இன்று மதியம் எங்கள் ஸ்டுடியோவுக்குக் கீழே தெருவை அடைத்து மஞ்சள் பந்தல் போட்டிருந்தார்கள். ஏதோ வீட்டில் காதுகுத்து. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். பந்தல் துணி வழியாக இறங்கிய வெயிலில் என் தயிர்சாதம் எலுமிச்சைச் சாதமாகத் தெரிந்தது. கை இரண்டும் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருந்தன. நீ இருந்திருந்தால் பந்தல்காரரைத் திட்டாமல் ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டாய். "இவுகளுக்கு ஊருல வேற துணியே கெடைக்கலையாக்கும்? மாப்பிள்ளையப் பாத்தா மஞ்சக்காமால வந்தவரு மாதிரி இருக்காருடி" என்று சொல்லிக்கொண்டே மெமரி கார்டை என் மேசையில் வைப்பாயே, அந்தக் குரல் அப்படியே கேட்டது.

தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். உன்னை நினைத்து இப்படிச் சிரிக்க முடிவது கொஞ்ச நாளாகத்தான். எப்படி முடிந்தது என்பதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

நீ படம் எடுப்பாய். நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அதன் நிறத்தைச் சரிசெய்வேன். சடங்கு வீடு, வளைகாப்பு என்றால் பெண் ஒருத்தி காமிராவோடு வருவதைத்தான் வீட்டுப் பெண்கள் விரும்பினார்கள். அதனால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் நீ போகாத கரிசல் ஊர் இல்லை. எல்லாப் படத்தையும் காமிரா தானாக எதையும் மாற்றாத பெரிய கோப்பாகத்தான் எடுப்பாய். இடம் போதவில்லை என்று முதலாளி முணுமுணுப்பார். "அண்ணே, இது அரிசி. எப்ப வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் வடிச்சுக்கிறலாம். நீங்க சோத்த வாங்கி வைக்கச் சொல்றீக" என்று அவர் வாயை அடைத்துவிடுவாய்.

உனக்கும் எனக்கும் சண்டை வந்ததெல்லாம் வெள்ளையடிப்பதைப் பற்றித்தான். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து "கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிவிடும்மா" என்று கேட்பார்கள். நானும் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஒளியைக் கூட்டுவேன். நீ பின்னால் வந்து நின்று பார்ப்பாய். "மொகம் ஒரு ஊரு, கையி ஒரு ஊருன்னு நிக்குது. ரெண்டுக்கும் பஸ்ஸு கூடக் கெடையாது போலயே" என்பாய். எனக்கே சிரிப்பு வந்து, கூட்டியதைப் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் படம் கேட்டார். நான்தான் உன்னை எடுத்தேன், நம் ஸ்டுடியோ சன்னலோரம். தரகர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கம்ப்யூட்டர்லதான வேல பாக்குறீக, ஒரு சுத்து வெளுக்க மாட்டீகளா?" என்றார். நீ மாட்டேன் என்றுவிட்டாய். "கறுப்பா இருக்கான்னு தெரிஞ்சு வாரவுக வரட்டும். வந்த பெறகு தெரிஞ்சுக்கிறதுக்கு நான் என்ன பரிசுச் சீட்டா?" படம் பல வீடுகளுக்குப் போனது. பல வீடுகளிலிருந்து பதிலே வரவில்லை. உன் அம்மா அழுதார்கள். அப்புறம் லோடு வண்டி ஓட்டுகிற ஒருவர் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு உன்னை நிமிர்ந்து பார்த்து, "போட்டோல இருக்குற மாதிரியே இருக்கீக" என்றார். அடுப்படிக்குத் திரும்பி வந்து என் கையை நீ கிள்ளிய கிள்ளலில் அன்றைக்கே முடிவு தெரிந்துவிட்டது.

அவரை எனக்கு அண்ணன் என்று கூப்பிட்டுப் பழக்கமாகிவிட்டது. அந்த அண்ணன்தான் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டபோது மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நீ திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது.

நீ போன அன்று நடந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்லலாம். யாரோ சொந்தக்காரர்கள் அவசரமாகக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டியிருந்தார்கள். யாருடைய செல்போனிலோ இருந்த படம். அந்தப் போன் தானாகவே முகத்தை வெளுத்து, கண்ணைப் பெரிதாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசிவிடுகிற வகை. அச்சடித்தவர் தன் பங்குக்கு இன்னும் ஒரு சுற்று வெளுத்திருந்தார். உன் மகள் அண்ணன் தோளில் இருந்தபடி அதைக் காட்டி, "அந்த அக்கா யாருப்பா?" என்று கேட்டாள். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு உன் வீட்டுச் சுவரில் படமே இல்லை. கல்யாண ஆல்பத்தில் மேக்கப் போட்டவர் உன்னை வேறு ஆளாக்கியிருந்தார். அண்ணன் போனில் இருந்தவற்றில் மகள்தான் நிறைந்திருந்தாள். நீ எங்காவது ஓரத்தில், பாதி இருட்டில். உன்னுடைய போன் ஆஸ்பத்திரி அலைச்சலில் எங்கோ தொலைந்துவிட்டது. சன்னலோரம் நான் எடுத்த படத்தின் பிரதிகள் தரகரோடு போயின, அதன் கோப்பும் ஸ்டுடியோவின் பழைய கணினி பழுதானபோது அழிந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் எடுத்தவளுக்கு ஒரு படம் இல்லை. "பாப்பா அவள மறந்துக்கிட்டே வாரா தங்கச்சி. அம்மா எப்படி இருப்பான்னு கேட்டா, கூட இருக்குற சித்தியக் காட்டுறா" என்று ஒருநாள் போனில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கும் நிம்மதி இல்லை.

போன மாதம் ஒரு வீட்டார் பழைய கல்யாணப் படங்களுக்கு இன்னொரு பிரதி கேட்டு வந்தார்கள். நீ எடுத்த கல்யாணம். ஹார்டு டிஸ்கில் தேடி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். மாலை மாற்றல், பந்தி, பாட்டிமார் ஆசீர்வாதம். திடீரென்று நீ.

கல்யாணப் பெண் உன் கையிலிருந்து காமிராவைப் பிடுங்கி உன்னை எடுத்திருக்கிறாள். நீ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி "குடு, குடு" என்று அவளை நோக்கி வருகிறாய். அரக்கு நிறக் கைத்தறிச் சேலை. ஒரு கற்றை முடி நெற்றியில். மேலே மஞ்சள் பந்தல். நீ, சேலை, பின்னால் நிற்கிற நாற்காலி எல்லாமே எண்ணெயில் போட்டு எடுத்தது போல மஞ்சளாக இருந்தது.

இது என்ன பெரிய வேலை, அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் மென்பொருளிடமே விட்டேன். அது உன்னை ஃபிளெக்ஸில் இருந்த அக்காவாக மாற்றியது. அழித்துவிட்டு நானே மஞ்சளைக் குறைத்தேன். நீலம் ஏறி, உடம்பு சரியில்லாதவள் போல ஆனாய். சிவப்பைக் கூட்டினேன். வெயிலில் கன்றியவள் ஆனாய். அப்போதுதான் ஒன்று உறைத்தது. உன் நிறம் எனக்கு நினைவில்லை. அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் தூங்கி வழிந்திருக்கிறோம். கறுப்பு என்ற சொல் நினைவில் இருக்கிறது, நிறம் இல்லை. மவுஸை விட்டுவிட்டேன்.

அண்ணனை வரச் சொன்னேன். லோடு இறக்கிவிட்டு நேராக வந்தார். படத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் நான் மாற்றி மாற்றிக் காட்டிய எதற்கும் தலையாட்டவில்லை.

"தப்பா நெனைக்காதீக தங்கச்சி. இது அவ இல்ல."

"இன்னும் கறுப்பாண்ணே?"

"கறுப்புன்னு இல்ல... எப்படிச் சொல்ல? நேர்ல கண்டா சொல்லிருவேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே எரிச்சலோடு, "மொகம் கெடக்கட்டும், சேலயே இந்தக் கலரு இல்லயே. இப்படியா சாயம் போன மாதிரி இருக்கும்? பெட்டிக்குள்ள அப்படியே புதுசாட்டம் இருக்கு" என்றார்.

"அண்ணே, அந்தச் சேல இருக்கா?"

"இருக்கு. ஒண்ணு ரெண்டு தடவதான் கட்டுனா. யாரையும் தொட விடல."

"எடுத்துட்டு வாங்க. அவ காமிராவையும்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்காமல் போய் எடுத்துவந்தார். காமிராவில் சார்ஜ் சுத்தமாக இல்லை. அது ஏறும்வரை இருவரும் டீ குடித்தோம். சேலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் டீ குடித்தார்.

மாடி வாசலில் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சேலையைப் பிரித்துப் பிடிக்கச் சொன்னேன். உன் காமிராவால் அதை எடுத்தேன். கல்யாணத்தன்று அந்தச் சேலையைப் பார்த்த அதே கண்தானே அது. அந்தப் படத்தைத் திரையில் இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் நீ. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துத் திரையில் உன் முகத்தின் மேலும் கைகளின் மேலும் ஒட்டினேன்.

"என்ன தங்கச்சி, மறைச்சுட்டீக?"

"பாத்தா கை சும்மா இருக்காதுண்ணே. நெனப்புல இருக்குறதப் போட்டுக் கெடுத்துருவேன். நாம சேலய மட்டும் பாப்போம். சேல சேலயாயிருச்சுன்னா அவளும் அவளாயிருவா. ரெண்டு மேலயும் விழுந்தது ஒரே மஞ்சள்தான."

மஞ்சளை இறக்கினேன். பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தேன். முந்தானை மடிப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக வரவேண்டும். வெளிச்சம் பட்ட இடம் பொருந்தினால் நிழல் பொருந்தவில்லை. நிழலைச் சரிசெய்தால் கரை சிவந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும், போதும், தாண்டிப்போச்சு" என்று வண்டியைப் பின்னால் எடுப்பவருக்கு வழி சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார். இரண்டு சேலையும் ஒரே சேலையாக இருந்தன.

காகிதத்தை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "நீங்க எடுங்கண்ணே" என்றேன். அவர் விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார்.

நீ இருந்தாய். நெற்றியில் வெயில் பட்டுக் கூடுதலாகக் கறுத்திருந்தது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் வெளிர். மேலுதட்டில் வியர்வை மினுங்கியது. உள்ளங்கை இரண்டும் இளஞ்சிவப்பாக எங்களைப் பார்த்து விரிந்திருந்தன. முகமும் கையும் ஒரே ஊர். அந்த முகத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

"வெயில்ல அலைஞ்சு வந்தா இப்படித்தான் இருப்பா" என்றார் அண்ணன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வந்த ஒடனே விசிறியப் போடுன்னு கத்துவா" என்றார். நான் தலையை மேசையில் வைத்து அழுதேன். ஒரு வருஷமாக அழுத அழுகை மாதிரி இல்லை அது. தலையில் இருந்த சுமையை யாரோ கை கொடுத்து இறக்கி வைத்தது போல இருந்தது.

அச்சுப் போட நானே மதுரைக்குப் போனேன். லேபில் இருந்தவர் வழக்கம்போல, "கொஞ்சம் பிரைட் ஏத்திரவா மேடம்?" என்று கேட்டார். "ஒண்ணும் ஏத்த வேண்டாம், இருக்குறபடி போடுங்க" என்றேன். வருகிற வழியெல்லாம் உறையைத் திறந்து திறந்து பார்த்தேன். காரியாபட்டி தாண்டும்போது பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, "யாரும்மா, அக்காவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

உன் வீட்டுக்குப் போனபோது மகள் தரையில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். அண்ணன் யாரென்று சொல்லாமல் படத்தைச் சுவரோரம், அவள் உயரத்துக்குச் சாய்த்து வைத்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தெருமுனைக் கேள்வியைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் பலூனை விட்டுவிட்டாள். அது சத்தம் போட்டுக்கொண்டு எங்கோ ஓடியது. தவழ்ந்து படத்துக்கு முன்னால் போய், நீட்டிய உன் கைகளைப் பார்த்தாள்.

"அம்மா என்னயத் தூக்க வாராளாப்பா?"

"ஆமாடா" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகத் திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். நீ போன பிறகு பஸ்ஸில் நான் தூங்கியதே இல்லை. "ஏம்மா, ஊரு வந்துருச்சு, எறங்கலையா?" என்று கண்டக்டர் கம்பியைத் தட்டித்தான் எழுப்பினார்.

இப்போது யாராவது பெண்ணின் படத்தைத் திரையில் திறந்து உட்காரும்போது உன் முகம் தானாக வந்துவிடுகிறது. தேட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொள்கிறேன். பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தில் கை வைக்கிறேன்.