பிரபு பேசும்போது பாய்லர் வெடிக்காதாம்

பிரபு பிரிட்டோ அவர்களுக்கு,

சாணார்பட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். குக்கரில் அரிசியும் தண்ணீரும் வைத்திருக்கிறேன். பற்ற வைப்பது உங்கள் பாடு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது.

நேற்று நண்பர்களோடு பகடை உருட்டி ஆளுக்கொரு வேடம் பேசும் உங்கள் கதை விளையாட்டில் என்னை வேலைக்காரியாகச் சேர்த்தீர்கள். விக்டோரியா காலத்து லண்டன், நீராவியில் பறக்கும் கப்பல், உயரத் தொப்பி போட்ட வில்லனாக ஓர் ஆங்கிலேயப் பிரபு, அந்த வேடம் உங்களுக்கு. சாகும் முன் பிரபு நீளமாகப் பேசுவார், முடிகிறவரை யாரும் அசையக் கூடாது, அதுதான் மரபு என்றீர்கள். அவர் பேசி முடிப்பதற்குள் மிக்சர் தட்டே காலியாகிவிட்டது.

"பாய்லர்ல தண்ணி வத்திருச்சு, யாராச்சும் பாருங்கப்பா" என்று என் வேலைக்காரி சொன்னாள். உங்கள் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அது பொறுக்கவில்லை உங்களுக்கு.

"பிரபு பேசும்போது பாய்லர் வெடிக்காது. வேலைக்காரிக்கு வசனமும் கிடையாது, பேரும் கிடையாது" என்று அவளைக் கப்பலிலிருந்து தள்ளிவிட்டீர்கள். அம்புட்டுப் பேர் முன்னால், நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே!

சாயங்காலம் அவர்கள் மறுபடி வருவார்கள். பகடைகள் எல்லாம் பீரோவுக்குள். சாவி என் கைப்பையில். அவளுக்கு ஒரு பெயர் வைத்துக் கப்பலில் ஏற்றுங்கள். அதை அவர்கள் காதுபட எனக்குப் போனில் சொல்லுங்கள். திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்.

மரியசெல்வி
(உங்கள் வீட்டில் எனக்குப் பெயர் உண்டு)

பி.கு.: குக்கர் வால்வு பழசு. விசில் வந்ததும் எழுந்து போய் அடுப்பை அணையுங்கள், பிரபு பாதிப் பேச்சில் இருந்தாலும் சரி. அதற்கு உங்கள் மரபு தெரியாது.