கவிழ்த்து வைத்த ஸ்டாப்வாட்ச்

இன்று காலை பிராக்டிகல் தேர்வுக்காக லேப் அலமாரியைத் திறந்தேன். பின்தட்டில் அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச் கிடந்தது. சாவி கொடுக்கும் ரகம். இப்போதைய பிள்ளைகள் போனிலேயே நேரம் பார்த்துக்கொள்வதால் அதை யாரும் தொடுவதில்லை. எடுத்துத் திருகினேன், ஓடியது. உள்ளங்கையில் உலோக வாசம் ஒட்டிக்கொண்டது. அந்த வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய். தேர்வு முடிந்ததும் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நாம் படித்த லேபிலேயே நான் பாடம் எடுக்கிறேன் என்பதை நீ கடைசிவரை கிண்டல் செய்தாய். "பாஸாகி வெளிய போன்னா அங்கயே உக்காந்துட்டியேடி" என்பாய். உட்கார்ந்துதான் இருக்கிறேன். நீதான் எழுந்து போய்விட்டாய்.

முதல் நாள் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? ஏன் சைக்காலஜி எடுத்தீர்கள் என்று மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். பிறருக்கு உதவ வேண்டும் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினோம். நானும்தான். நீ எழுந்து, "எங்க வீட்ல எல்லாரும் ஏன் கத்திக்கிட்டே இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும் மேடம்" என்றாய். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான், நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்தது. உப்பு டப்பாவைக் கேட்பதற்குக்கூட உங்கள் வீட்டில் கூரை அதிர வேண்டும். அத்தனை சத்தத்துக்கு நடுவில் நீ காலை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய்.

இரண்டாம் ஆண்டில் நம் எல்லோரையும் அந்த வியாதி பிடித்தது. புத்தகத்தில் எதைப் படித்தாலும் அது யாருக்காவது இருந்தே தீர வேண்டும். உனக்குத்தான் முற்றிப்போயிருந்தது. கேன்டீன்காரர் சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினால் அவருக்கு ஒரு வியாதிப் பெயர். கண்டக்டர் எரிந்து விழுந்தால் அவருடைய அப்பாவோடு தீராத கணக்கு. துறைத் தலைவர் வளர்த்த பூனையைக்கூட நீ விட்டுவைக்கவில்லை.

அப்புறம் மூன்றாம் ஆண்டு பிராக்டிகல் வந்தது. சோதனைக்கு உட்காரும் ஆளை நாமே கூட்டிவர வேண்டும், ஆனால் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அதனால் லேபில் ஒரு பழக்கம் உண்டு, வீட்டு ஆட்களை மாற்றிக்கொள்வது. என் அம்மா உனக்கு, உன் தம்பி எனக்கு. இன்றைக்கும் பிள்ளைகள் வராந்தாவில் நின்று இந்தப் பண்டமாற்றைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உனக்கு வந்தது வார்த்தைச் சோதனை. நீ ஒரு வார்த்தை சொல்வாய். கேட்பவர் மனதில் முதலில் தோன்றும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தார் என்று குறித்துக்கொள்வாய். எங்கே தயங்குகிறாரோ அங்கே மனதில் ஏதோ முடிச்சு இருக்கலாம் என்று நமக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அப்படியேதான் வாசிக்க வேண்டும்.

ஒத்திகைக்கு அம்மா வந்தாள். கார்மென்ட்ஸில் லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தாள். "டோர்" என்றாய். அம்மா விழித்தாள். முள் ஓடிக்கொண்டே இருந்தது. "க்ளோஸ்" என்றாள். "ஈவினிங்", "சிஸ்டர்", "வாட்டர்", எல்லாவற்றுக்கும் அதே விழிப்பு, அதே தாமதம். நம் கூட்டம் முழுக்க உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டது. உனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் படித்தது நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறதே! "ஆன்ட்டி, உங்க மனசுல பழைய பயம் நெறைய இருக்கு போல. கதவுன்னா ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டாய்.

மறுநாள் அம்மா வீட்டுக் கதவுப் பக்கம் போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவே எனக்கு ஏதாச்சும் கோளாறாடி? ஃபேக்டரில தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?" என்று கேட்டாள். பரீட்சைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் உன்மேல் பாய்ந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு என்னோடு ஜோகுபாளையத்துக்குப் பஸ் ஏறினாய்.

அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு. "ஆன்ட்டி, நான் டோர்னு சொன்னப்ப உள்ளுக்குள்ள என்னென்ன ஓடுச்சு? மெதுவா சொல்லுங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "என்ன ஓடும்? நான் படிச்சது கன்னட இஸ்கூலு. டோர்னா பாகிலு. பாகிலுன்னா கதவு. கதவுன்னதும் எனக்குத் தாப்பா ஞாபகம் வந்துச்சு. தாப்பாவுக்கு இங்கிலீஷ்ல என்ன? அது தெரியல. நீ வேற கடியாரத்தக் கையில வச்சிருக்க. சரி, க்ளோஸுன்னு சொல்லிட்டேன்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். "ஆன்ட்டி, கோளாறு உங்ககிட்ட இல்ல. நாங்கதான் முட்டாளுங்க. நீங்க மூணு பாஷையைத் தாண்டி வர்றீங்க, நாங்க அதைப் போய் பயம்னு எழுதி வச்சிருக்கோம்." நம் கூட்டம் மொத்தமும் செய்த தவறை நீ ஒருத்தியே தலையில் போட்டுக்கொண்டாய். அம்மா உன்னை நம்பியும் நம்பாமலும் பார்த்தாள். நீ சொன்னாய்: "பரீட்சைக்கு வாங்க. என் மார்க்குக்காக இல்ல. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அதே ரூம்ல வச்சே உங்களுக்குத் தெரியணும்."

தேர்வு நாளில் உனக்கு அடுத்த மேசையில் நான் இருந்தேன். என் சோதனைக்கு உட்கார்ந்த உன் தம்பி, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைகிறேன் என்று பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தான். என் காது முழுக்க உன் பக்கம்தான். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரிடம் போய், பட்டியலைத் தமிழில் வாசிக்க அனுமதி கேட்டாய். அது முறையல்ல, மார்க் குறையும் என்றார் அவர். வகுப்பில் முதல் இடம் உன்னுடையது. எம்.எஸ்ஸி. சீட் அந்த மார்க்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "கொறைச்சுக்கங்க மேடம்" என்றாய். அதில் திமிரும் இல்லை, பயமும் இல்லை. என் வயதில் ஒருத்தி அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"கதவு" என்றாய். "தாப்பா" என்றாள் அம்மா. "தண்ணி." "லாரி." "சாயங்காலம்." "டீ." பொரி பொரிவதுபோலப் பதில்கள் வந்தன. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் நீ "அக்கா" என்றாய்.

அம்மா நின்றுவிட்டாள்.

அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாள், சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. உனக்கு அதுகூடத் தெரியாது. ஒத்திகையில் அத்தனை தாமதங்களுக்கு நடுவே இந்த ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. இப்போது தனியாக நின்றது. புத்தகத்தில் சொன்ன அந்த முடிச்சு இதுதான். நீ கொண்டாடியிருக்கலாம், போன மார்க்கையும் அதை வைத்தே மீட்டிருக்கலாம். ஆனால் நீ ஸ்டாப்வாட்சை நிறுத்தி, மேசைமேல் கவிழ்த்து வைத்தாய். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி காத்திருந்தாய். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்து, "ஜடை" என்றாள். நீ தலையை ஆட்டிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனாய்.

அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏன் நேரம் போடவில்லை என்று தேர்வாளர் கேட்டார்.

"அது அவங்களோடது மேடம்" என்றாய்.

அன்று பஸ்ஸில் அம்மா தன் அக்காவைப் பற்றி முதல் முறையாக என்னிடம் பேசினாள். ஸ்கூலுக்குப் போகும்முன் அவள்தான் ஜடை பின்னிவிடுவாளாம். இழுத்துப் பின்னுவாளாம், வலிக்குமாம். இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

உனக்கு மார்க் குறைந்தது. அந்த ஆண்டு சீட் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறெங்கோ படித்து, அத்திபெலே பக்கம் ஃபேக்டரிப் பெண்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்கும் வேலைக்குப் போனாய். உன் அறையில் கடிகாரமே மாட்டவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் பக்கத்துக் கட்டில்காரியைப் பற்றித்தான் பேசினாய். "அவ பேச ஆரம்பிச்சிருக்கா, அவசரப்படுத்தாதீங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லுடி" என்றாய். உன்னைப்போல் ஒருத்தியை நான் மறுபடி பார்க்கவில்லை.

இன்று காலை தேர்வில் ஒரு பெண் பட்டியலைத் தமிழிலும் இன்னொருத்தி கன்னடத்திலும் வாசித்தாள். இப்போது அது நம் லேபில் வழக்கம், யாருக்கும் மார்க் குறைவதில்லை. எப்போதிலிருந்து என்று பிள்ளைகள் கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டுச் சற்று முன் ஹாலுக்குப் போனேன். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இதுதான அது? உக்காரு, இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு" என்றாள். நான் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். கதவு என்றாள். வீடு என்றேன். மழை என்றாள். பஸ் என்றேன். அதே வேகத்தில் உன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. முள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி நிறுத்தினாள். தரையில் கவிழ்த்து வைத்தாள். அவரைக்காய்த் தட்டை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி காத்திருந்தாள்.